பசலையை விலைக்கு வாங்குவோர்

சங்கப் பாடல்களைக் கற்பிக்கும் தமிழாசிரியர் எவரும் 'பசலை' என்னும் சொல்லை விளக்காமல் அகத்துறையைக் கடந்து செல்ல இயலாது. தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனி தன் இயல்பான நிறத்தை இழந்து வெளிறிப்போகும் நிலையே பசலை. அது நோய், அழகின் தேய்வு. அந்நோய் தின்று அழிக்கும் அழகுக்குப் புலவர்கள் வழங்கிய பெயர் 'மாமை'. மாந்தளிரின் நிறம் என்றும் கருமை என்றும் அதற்குப் பொருள் கூறுவர். குறுந்தொகையின் 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார் படைத்த தலைவி வருந்துவது தன் மேனி கறுத்துவிட்டதே என்று அன்று. தன் மாமை பசலைக்கு இரையாகின்றதே என்றுதான். திருவள்ளுவரும் 'பசப்புறு பருவரல்' என 119ஆம் அதிகாரம் முழுவதையும் இந்நோய்க்கே ஒதுக்கினார்.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக நோய் என்று அறியப்பட்ட அந்த வெளிறலை, அந்நோயைப் பாடிய மக்களின் வழித்தோன்றல்களே இன்று கடை தேடிச் சென்று, விலை கொடுத்து வாங்கிப் பூசிக்கொள்கின்றனர். 'பசலை என்பது பிரிவினால் உண்டாகும் நிறவேறுபாடு' என்று தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்ற மாணவி, அன்று மாலையே நிறங்கூட்டும் களிம்பை முகத்தில் தடவுகிறாள். இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் யார்?

பெயர் மாறிய பண்டம்

சிராங்கூன் சாலையில் நடப்பவர் கண்ணுக்கு அழகு புதிதன்று. தேக்காவில் மல்லிகைச் சரம் தொங்குகிறது. நகைக்கடைகள் ஒளிர்கின்றன. மருதாணி இடும் பெண்கள் கைகளில் கொடிகளைப் படரவிடுகின்றனர். சிறு கடைகளில் ஒரு முழ நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவம் திருத்தும் கைத்திறனை நாடிச் சீன, மலாய்ப் பெண்களும் வந்து காத்திருக்கின்றனர். இவை யாவும் உள்ள அழகுக்கு அணி செய்வன. இவற்றின்மீது எவருக்கும் வழக்கில்லை.

வழக்கு, அவற்றின் பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருக்கும் குப்பிகளின்மீதுதான். அவை அணி செய்ய வரவில்லை. குற்றஞ் சாட்ட வருகின்றன. 'உன் நிறம் ஒரு குறை; இதோ அதற்கு மருந்து' என்பதே அவற்றின் மொத்த வாசகம். 1975ஆம் ஆண்டில் இந்தியாவில் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பு விற்பனைக்கு வந்தது. 'வெளுப்பும் வனப்பும்' என்பது அப்பெயரின் பொருள். வெளுப்பு இல்லையேல் வனப்பு இல்லை என்னும் முடிவு அப்பெயரிலேயே அடங்கிவிட்டது. வேலை கிடைக்காத பெண்ணும் மணமாகாத பெண்ணும் களிம்பு பூசியவுடன் வெற்றி பெறும் கதைகளைப் பல்லாண்டுகள் விளம்பரங்கள் ஓயாமல் சொல்லிவந்தன. பெண்களை அச்சுறுத்தியது போதாதென்று, 2005இல் 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' என்று ஆண்களுக்கும் ஒரு களிம்பு வந்து சேர்ந்தது.

2020 மே மாதத்தில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்னும் கறுப்பினத்தவர் காவலரின் பிடியில் உயிரிழந்தார். உலகம் கொதித்தெழுந்தது. அழகுப்பொருள் நிறுவனங்கள் திடுமெனத் தம் குப்பிகளை எடுத்துப் படித்துப் பார்த்தன. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் தன் நிறங்கூட்டும் களிம்புகளின் விற்பனையை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. லோரியால், வெண்மையைக் குறிக்கும் சொற்களைத் தன் பண்டங்களிலிருந்து நீக்குவதாகக் கூறியது. 'ஃபேர் அண்ட் லவ்லி', 'க்ளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. வெளுப்பு போய்ப் பொலிவு வந்தது. ஷாதி டாட் காம் என்னும் திருமணத் தளம், மேனி நிறத்தைக் கொண்டு மணமக்களைச் சலித்தெடுக்கும் ஏற்பாட்டை அகற்றியது.

இவற்றை வெற்றி என்று கொண்டாடியவர் உண்டு. ஆனால், சொல் மாறியதே அன்றிப் பொருள் மாறிற்றா? விற்பனையை அடியோடு நிறுத்தியவரைப் பாராட்டலாம். பெயரை மட்டும் மாற்றியவரைப் பாராட்டுவது எங்ஙனம்? இன்று விளம்பரங்களில் 'வெண்மை' என்னும் சொல் அரிதாகிவிட்டது. 'பொலிவு', 'ஒளிர்வு', 'சீரான நிறம்', 'கருமை நீக்கம்' என்னும் சொற்கள் அதன் நாற்காலியில் அமர்ந்திருக்கின்றன. கருமை அழுக்கா, நீக்குவதற்கு? இடக்கரடக்கலைப் பயிற்றுவிக்கும் தமிழாசிரியருக்கு இந்தத் தந்திரம் புரியாமற் போகாது.

களிம்பினுள் இருப்பது

மானத்தை இழந்தாலும் உடல்நலமேனும் மிஞ்சுகிறதா என்றால், அதற்கும் உறுதியில்லை. மேனிக்கு நிறந்தருவது மெலனின் என்னும் நிறமி. அதன் உற்பத்தியைத் தடுக்கும் ஆற்றல் பாதரசத்துக்கு உண்டு. ஆகவே, மலிவான வெளுப்புக் களிம்புகள் பலவற்றில் அது இரகசியமாகக் கலக்கப்படுகிறது. தோலின் வழியே உடலினுள் புகும் பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். பூசியவளை மட்டுமன்று, அவள் அணைத்துக்கொள்ளும் குழந்தையையும் அது தீண்டும். ஹைட்ரோகுவினோன் மருத்துவர் கண்காணிப்பில் பயன்படுத்தத்தக்க ஒரு மருந்து. அதை அளவறியாது நெடுங்காலம் பூசுவோர் சிலருக்குத் தோல் நீலங்கலந்த கருமையாக மாறிவிடுவதும் உண்டு. வெளுக்கப் போய், மீளாத கறையை வாங்கி வருவதற்கு ஒப்பானது இது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளோ முதலில் முகத்தைப் பளபளப்பாக்கிப் பின்னர்த் தோலை மெலியச் செய்கின்றன. நிறுத்தினால் எரியும், எரிச்சலுக்கு அஞ்சி மீண்டும் பூசுவர். வாடிக்கையாளரைக் கட்டிவைக்க இதனினும் நல்ல கயிறு வேண்டுமா?

சிங்கப்பூரில் சட்டம் உறங்கவில்லை. அழகுப்பொருள்களில் பாதரசம் சேர்ப்பதற்குத் தடை உண்டு. பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் ஆகியவை ஒளிந்திருந்த களிம்புகளைக் குறித்துச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. உலக அளவில், 2013இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையில் சிங்கப்பூரும் உறுப்பு நாடு. பாதரசக் கழிவு கலந்த கடலின் மீனை உண்டு நோயுற்ற சப்பானிய நகரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. பாதரசம் சேர்த்த அழகுப்பொருள்கள் அனைத்தையும் 2025க்குள் ஒழிப்பதென 2023இல் உறுப்பு நாடுகள் முடிவு செய்தன. ஊசி போட்டு நிறமேற்றும் முறையின் நிலையும் இத்தகையதே. 2008இல் அழகு மருத்துவத்துக்கு நெறிமுறை வகுக்கப்பட்டபோது, போதிய அறிவியல் சான்று இல்லாத முறைகளின் பட்டியலிலேயே அவ்வூசி இடம்பெற்றது.

எனினும், ஆணையம் ஒரு பெயரை அறிவிக்கும்போது வேறொரு பெயரில் அதே களிம்பு கைப்பேசி வழியே வீட்டு வாயிலுக்கு வந்துவிடுகிறது. சட்டத்தால் குப்பியைப் பறிமுதல் செய்ய இயலும். குப்பியைத் தேடும் மனத்தை எந்த ஆணையம் பறிமுதல் செய்யும்?

நரைக்கு அஞ்சும் நகரம்

நிறத்தை விற்ற வணிகம் இப்போது வயதையும் விற்கத் தொடங்கிவிட்டது. ஆர்ச்சர்ட் சாலையின் உயர்ந்த கட்டடங்கள் முதல் அடுக்குமாடிப் பேட்டைகளின் கீழ்த்தளக் கடைகள்வரை முதுமையை விரட்டும் நிலையங்கள் பெருகியுள்ளன. போட்டுலினம் என்னும் நச்சினை மிகச் சிறிய அளவில் ஊசி வழியே செலுத்தினால் முகத்தசை தளர்ந்து சுருக்கம் மறையும். மாறுகண் முதலிய நோய்களுக்கு மருந்தாக வந்த இதனை, 2002இல் புருவங்களுக்கிடையே உள்ள சுருக்கத்துக்கும் பயன்படுத்த அமெரிக்கா இசைவளித்தது. மூன்று நான்கு திங்களில் அதன் ஆற்றல் தீர்ந்துவிடும். மீண்டும் ஊசி, மீண்டும் பணம். இளமையை வாங்குவதாக எண்ணுபவர் அதனை வாடகைக்கே எடுக்கிறார்.

சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்துக்கு ஆண்டுதோறும் மிகுதியான புகார்கள் வந்துசேரும் துறைகளுள் அழகுத்துறையும் ஒன்று. இலவச முகப்பூச்சு என்று அழைத்து, மெத்தையில் படுக்கவைத்து, 'உங்கள் தோல் மிகவும் கெட்டுவிட்டதே' என்று அச்சுறுத்தி, ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு முன்பணம் கட்டவைப்பது பழகிப்போன வழி. அதனாலன்றோ அச்சங்கத்தின் 'கேஸ்டிரஸ்ட்' சான்று பெறும் அழகு நிலையங்கள், வாடிக்கையாளர் மனம் மாறினால் பணத்தைத் திருப்பிக் கேட்க ஐந்து நாள் தவணை தர வேண்டியிருக்கிறது!

இவ்வச்சம் இப்போது பள்ளிப் பருவத்தையும் தொட்டுவிட்டது. முதுமையைத் தடுக்கும் களிம்புகளைப் பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமியர் வாங்கிப் பூசுவது மேலைநாடுகளில் பெருஞ்செய்தியாயிற்று. வலிய வேதிப்பொருள்கள் கலந்த அத்தகைய பண்டங்களைப் பதினைந்து வயதுக்குட்பட்டோர்க்குப் பெற்றோர் இசைவின்றி விற்பதில்லை என்று 2024இல் சுவீடனின் மருந்துக்கடை நிறுவனமொன்று அறிவித்தது. இன்னும் இளமையே எய்தாத பிள்ளைக்கு இளமை போய்விடுமோ என்னும் கவலையை ஊட்டுவதைவிடக் கொடிய வாணிகம் ஏது? அச்சிறுமியர் பார்க்கும் காணொளிகளே சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் கைப்பேசிகளிலும் ஓடுகின்றன என்பதை மறந்துவிடலாகாது.

இவ்விரு வணிகங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நகைப்பே எஞ்சும். முகச்சுருக்கத்துக்கும் புள்ளிகளுக்கும் பெரிதும் காரணமாவது வெயில். வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கும் இயற்கைக் கேடயம் மெலனின். அதனால்தான் கருநிறத்தோரின் முகத்தில் சுருக்கம் காலந்தாழ்த்தி விழுகிறது. நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே வாழும் மக்களுக்கு இதனினும் சிறந்த பாதுகாப்பு உண்டோ? முதலில் காசு கொடுத்துக் கேடயத்தைக் கரைக்கிறார்கள். பின்னர்க் காசு கொடுத்துக் காயத்தை மறைக்கிறார்கள். கல்லாப்பெட்டி இருமுறையும் ஒலிக்கிறது.

முதுமை பற்றித் தமிழ் சொல்லாத செய்தியா? ஆண்டு பல சென்றும் நரை தோன்றாதது எவ்வாறு என்னும் வினாவுக்குப் பிசிராந்தையார் கூறிய விடை புறநானூற்றின் 191ஆம் பாடலாக நிற்கிறது. அவர் எண்ணெயையோ பச்சிலையையோ காரணமாகக் கூறவில்லை. நற்பண்புள்ள மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், கருத்தறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாத வேந்தன், சான்றோர் பலர் வாழும் ஊர் இவையே காரணம் என்றார். அதியமான் கதையும் அத்தகையதே. நெடுநாள் வாழ்விக்கும் நெல்லிக்கனி கிடைத்தபோது அவன் அதனைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தான். முதுமையை வெல்லும் மருந்து கைக்கு வந்தால் தமிழ் மரபு அதனைக் கொண்டு என்ன செய்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா. 2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பர். அந்நகரத்துக்குத் தேவை சுருக்கத்தை மறைக்கும் ஊசியா, சுருங்கிய முகத்தை மதிக்கும் ஊரா?

மறுப்புகளுக்கு மறுமொழி

'ஒப்பனை தொன்றுதொட்டு வருவதன்றோ? மஞ்சளும் சந்தனமும் பூசிய மக்கள் களிம்பைப் பழிக்கலாமா?' என்று வினவுவோர் உளர். மஞ்சள் பூசிய பாட்டி தன் முகத்தை மங்கலமாக்கினாள். வேறொருத்தியாக மாற முயன்றாளல்லள். அணிவதற்கும் அழிப்பதற்கும் வேறுபாடு உண்டு.

'அவரவர் முகம், அவரவர் விருப்பம்' என்பர் வேறு சிலர். விருப்பமே என்று கொள்வோம். கறுத்து விடுவாய் என்று குழந்தைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்தவள் இருபது வயதில் களிம்பை எடுப்பது விருப்பமா, பயிற்சியின் விளைவா? விருப்பம் உரிமையுடையது என்றால், அது பிறர் மனத்தில் விதைத்த அச்சத்திலிருந்தும் உரிமை பெற்றிருத்தல் வேண்டும்.

'இலக்கியம் பொன்மேனியையும் பாடியுள்ளதே' என்று கற்றறிந்தோரும் எடுத்துக்காட்டுவர். உண்மையே. பொன்னிறத்தையும் பாடினர்; மாமையையும் பாடினர். தொல்காப்பியம் நிலத்தெய்வங்களைக் கூறுமிடத்து மாயோனையும் சேயோனையும் அடுத்தடுத்து வைத்தது. ஒருவன் கருநிறத்தான், மற்றவன் செந்நிறத்தான். ஒருவனைக் குறைத்து மற்றவனை உயர்த்தவில்லை. ஒரு நிறத்தைப் போற்றுவது சுவை. மற்றொரு நிறத்தை நோயாக்குவது பழி. வணிகம் செய்வது பின்னதே.

சிராங்கூன் சாலையிலேயே வீரமாகாளியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே கருநிறத் தாயின் முன் கைகூப்பி நின்று, அவள் திருமேனிக்கு அழகிய பட்டுடுத்தி மகிழும் அடியார்கள், வெளியே வந்ததும் அதே நிறத்தில் பிறந்த மகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகின்றனர். கல்லில் கருமை தெய்வம். கன்னத்தில் கருமை குறை. அந்தோ, என்ன பக்தி!

ஊதியமில்லா முகவர்கள்

நிறுவனங்களை மட்டும் சாடிவிட்டு ஓய்ந்துவிட்டால் அது பாதி உண்மையாகும். அவற்றுக்கு ஊதியமின்றி வேலை செய்யும் முகவர்கள் தமிழ்க் குடும்பங்களிலேயே இருக்கின்றனர். தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்ததும் 'நிறம் யாரைக் கொண்டிருக்கிறது?' என்று கேட்கும் அத்தை ஒரு முகவர். 'வெயிலில் ஓடாதே' என்று பேத்தியைத் திடலிலிருந்து திரும்ப அழைக்கும் பாட்டி மற்றொருவர். சிவந்த பெண் வேண்டும் என்று தரகரிடம் சொல்லும் தந்தை, மூத்த விற்பனையாளர். 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்னும் பழமொழியும் இன்று பாராட்டாக வழங்குவதில்லை, ஆறுதலாகவே வழங்குகிறது. ஆறுதல் கூறப்படுவது இழப்புக்கன்றோ?

பள்ளியும் விலக்கன்று. கலைவிழா நாடகத்தில் இளவரசியாக யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அரக்கியாக யாரை நிறுத்துகிறார்கள் என்பதைத் தமிழாசிரியர்கள் நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்க்கட்டும். வகுப்பில் ஒரு மாணவனை அவன் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யும்போது ஆசிரியரும் சேர்ந்து புன்னகைத்தால், அந்தப் புன்னகை ஓர் ஆண்டு விளம்பரத்துக்குச் சமம். அம்மாணவன் பாடத்தை மறப்பான், அப்புன்னகையை மறவான்.

எதிர்த்து நின்றோரும் இல்லாமற் போகவில்லை. 'கருமையே அழகு' என்னும் பொருள்பட ஓர் இயக்கம் 2009இல் சென்னையிலேதான் தோன்றிற்று. கருநிறத்தோரை இழிவாகவோ வாழ்வில் தோற்றவராகவோ காட்டலாகாது என 2014இல் இந்திய விளம்பரத் தரக் குழு விதி வகுத்தது. நடிகை சாய் பல்லவி நிறங்கூட்டும் களிம்பு விளம்பரமொன்றில் நடிக்க மறுத்தது 2019இல் வெளிப்பட்டபோது இளைஞர்கள் வியந்து பேசினர். ஒரு நடிகைக்கு இயன்றது ஒரு பள்ளிக்கு இயலாதா?

தமிழ் வகுப்பின் கடன்

தமிழாசிரியர் கையில் உள்ள ஆயுதம் எளியது, ஆனால் கூரியது. 'மாமை', 'பசலை' என்னும் இரு சொற்களைச் சொற்பொருள் பட்டியலில் அடைத்துவைக்காமல் வகுப்பின் நடுவே கொண்டு வைக்கட்டும். 'பழந்தமிழர் நோய் என்றதை இன்றைய கடை அழகு என்கிறது. யார் சொல்வது சரி?' என்று ஒரு வினா எழுப்பினால் போதும். உறங்கும் வகுப்பும் விழித்துக்கொள்ளும். விளம்பர வாசகமொன்றைக் கருத்தறிதற் பயிற்சியாகக் கொடுக்கட்டும். 'கருமை நீக்கி' என்னும் தொடரில் மறைந்திருக்கும் கருத்து யாது, 'இழந்த பொலிவு' என்பதில் இழந்தவர் யார் என்று மாணவர்கள் பிரித்துப் பார்க்கட்டும். தொடரைப் பிரிக்கக் கற்றவன் எளிதில் ஏமாறமாட்டான்.

குப்பியின் மேலுள்ள பொருட்பட்டியலைப் படிக்கவும், ஐயுற்ற பண்டத்தைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் எச்சரிக்கை உண்டா என்று தேடவும், தோலில் நோய் கண்டால் கடைக்காரரை நாடாது மருத்துவரை நாடவும் அறிவியலாசிரியரோடு கைகோத்துக் கற்பிக்கட்டும். நாடகத்தில் கருநிற மாணவி ஒருமுறை கண்ணகியாக நிற்கட்டும். 'என் பாட்டியின் முகம்' என்று ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்து, அம்முகத்தின் ஒவ்வொரு கோடும் எந்த ஆண்டில், எந்த உழைப்பில் விழுந்தது என்று கேட்டு எழுதிவரச் சொல்லட்டும். அக்கட்டுரையை எழுதிய பிள்ளை சுருக்கத்தைக் குறை என்று கருதுவது அரிது.

மாணவர்களும் ஒன்றை உணர்தல் வேண்டும். தாய்மொழியைப் பேச வெட்கப்படுவதும் தாய் தந்த நிறத்துக்கு வெட்கப்படுவதும் ஒரே வேரில் முளைத்த இரு கிளைகள். பிறர் கண்ணால் தன்னைப் பார்ப்பதே அந்த வேர். நாவில் தமிழைக் காத்து, மேனியில் தமிழ் மண்ணின் நிறத்தைக் கரைக்கத் துணிபவர், காத்ததையும் ஒருநாள் கரைப்பர்.

பசலைக்குச் சங்கப் புலவர்கள் அறிந்த மருந்து ஒன்றே. பிரிந்தவர் திரும்பி வந்தால் போன நிறமும் தானே திரும்பும். இன்றைய பசலையும் பிரிவினால் விளைந்ததே. இங்கே பிரிந்து போனது தலைவனன்று, தன்மதிப்பு. அது திரும்பி வருவதற்கான வாயில் தமிழ் வகுப்பறையில் இருக்கிறது. அதனைத் திறந்துவைப்பது ஆசிரியர் கடன். அதன் வழியே தலைநிமிர்ந்து நடப்பது மாணவர் கடன்.